ஞாயிறு இரவு 8.15: ஒரு துப்பறியும் நாடகமும் அலெவிகளின் கோபமும்

1962 ஜனவரியில் மேற்கு ஜேர்மனியில் ஒரு நகைச்சுவைக் கலைஞரைத் தேசத்துரோகி எண்டு பத்திரிகை எழுதியது. அவர் எந்த இரகசியத்தையும் எதிரிக்கு விற்கவில்லை. தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு துப்பறியும் தொடரின் கொலைகாரன் யார் எண்டதை, கடைசிப் பகுதி வருவதற்கு முன்னமே பத்திரிகையில் விளம்பரம் போட்டுச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அவர் வொல்ஃப்காங் நொய்ஸ். தொடரின் பெயர் 'கழுத்துத்துணி'. பிரித்தானிய எழுத்தாளர் பிரான்சிஸ் டர்பிரிட்ஜின் கதை. ஆறு பகுதிகள். பார்த்தவர்களின் வீதம் 89 எண்டு கணக்குச் சொல்கிறது. இப்படித் தெருவைக் காலியாக்கும் தொடர்களுக்கு ஜேர்மன் மொழியில் 'தெருக்கூட்டி' எண்டே ஒரு பெயர் உண்டு. விளக்குமாறு போட்டுக் கூட்டினமாதிரித் தெருவில் ஒரு சனமும் இராதாம். நொய்ஸ் தன்னுடைய புதுப் படத்துக்கு ஆள் சேர்க்கத்தான் அந்த வேலையைப் பார்த்தார். பெர்லின் சுவர் எழும்பி அஞ்சு மாதந்தான் ஆகியிருந்தது. 'துரோகி' எண்ட சொல்லுக்கு அந்த நேரம் அங்கே என்ன பாரம் இருந்திருக்கும் எண்டு யோசித்துப் பாருங்கோ.

இந்தக் கதையை வாசித்து நாங்கள் நன்றாகச் சிரித்தோம். துப்பறியும் நாடகத்துக்குப் பார்வையாளர்கள் காட்டும் எதிர்வினைகளின் வரலாற்றைத் தேடத் தொடங்கியதே இப்படியான பகிடிகளுக்காகத்தான். ஆனால் தேடிக்கொண்டு போக, அதே நாட்டில் 45 வருடங்களுக்குப் பிறகு நடந்த இன்னொரு சம்பவத்தில் வந்து நின்றோம். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

முதலில் நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம். 'டாட்டோர்ட்' எண்டால் குற்றம் நடந்த இடம் எண்டு பொருள். 1970 நவம்பர் 29 இல் தொடங்கியது, இன்னும் ஓடுகிறது. ஞாயிறு இரவு 8.15க்கு, ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலம், ஒவ்வொரு கிழமையும் ஒரு முழுக்கதை. ஜேர்மனியின் பொது ஒளிபரப்பு பல பிராந்திய நிறுவனங்களின் கூட்டு என்பதால், ஒவ்வொரு நிறுவனமும் தன்தன் நகரத்தில், தன்தன் பொலிஸ் ஆணையாளரை வைத்து ஒரு கதை எடுக்கும். ஒரு கிழமை மியூனிக், அடுத்த கிழமை கொலோன். ஆகவே இது வெறும் கொலைக்கதை இல்லை. இந்த நகரம் எப்படி இருக்கு, இங்கே ஆர் ஆர் இருக்கினம், இப்ப நாட்டில் என்ன பிரச்சினை எண்டு நாடு தன்னைத்தானே பார்த்துக்கொள்ளுகிற கண்ணாடி எண்டு அங்கே எழுதுவார்கள். 1981 இல் ஷிமான்ஸ்கி எண்ட ஆணையாளர் டூயிஸ்பர்க் நகரத்தில் தூஷணம் பேசிக்கொண்டு, பியர் குடித்துக்கொண்டு அறிமுகமானபோது, எங்கட ஊரின்ர பேரைக் கெடுக்கிறான் எண்டு அந்த ஊர்க்காரர் கோபப்பட்டார்கள். பிறகு அதே ஊர் அவரைத் தன் பிள்ளைமாதிரிக் கொண்டாடியது வேறு கதை.

2007 டிசம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு இரண்டு நாள் முன்னம். வடஜேர்மன் ஒளிபரப்பு நிறுவனம் தயாரித்த பகுதி. இயக்கம் அஞ்சலினா மக்கரோனே. மரியா பூர்ட்வெங்லர் நடிக்கும் ஆணையாளர் சார்லொட்டே லிண்ட்ஹோல்ம்தான் விசாரிக்கிறார். தலைப்பைத் தமிழில் 'கௌரவம் யாருக்கு உரியதோ' எண்டு சொல்லலாம், பைபிள் வசனத்தின் வாசம் உள்ள தலைப்பு. துருக்கியப் பின்னணி கொண்ட ஒரு இளம்பெண் இறந்து கிடக்கிறாள். தற்கொலை மாதிரித்தான் தெரிகிறது, லிண்ட்ஹோல்ம் நம்பவில்லை. கடைசியில் தெரியவருவது: அந்தக் குடும்பத்தின் தகப்பன் இளைய மகளைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தியிருக்கிறான். மூத்தவளின் சாவு அதை மறைப்பதோடு சேர்ந்தது. குடும்பம் அலெவிக் குடும்பம்.

அடுத்த நாட்களில் ஜேர்மனியின் அலெவிகள் தெருவுக்கு வந்தார்கள். பெர்லினிலும் ஆர்ப்பாட்டம் நடந்தது. ஆண்டு முடிவதற்குள் கொலோன் நகரில் ஏறத்தாழ 20,000 பேர் கூடினார்கள். ஜேர்மன் அலெவி சமூகத்தின் சம்மேளனம், இன வெறுப்பைத் தூண்டுவதற்கு எதிரான சட்டத்தின் கீழ் முறைப்பாடும் கொடுத்தது. ஒரு துப்பறியும் நாடகத்தின் ஒரு பகுதிக்கு, கடும் குளிரில், 20,000 பேர். பெரும்பாலான ஜேர்மன் ஆட்களுக்கு இது விளங்கவில்லை. கதைதானே? தகப்பன் கெட்டவனாக வருகிற கதைகள் எத்தனை இருக்கு?

இது விளங்கவேண்டும் எண்டால் 'மும் சொண்டு' எண்ட இரண்டு துருக்கிச் சொற்களிலிருந்து தொடங்கவேண்டும். 'மெழுகுதிரி அணைந்தது' எண்டு பொருள்.

அலெவிகள் நபிகளின் மருமகனான அலியைப் போற்றும் ஒரு மரபினர், துருக்கியில் பெருந்தொகையாக வாழ்பவர்கள். அவர்களுடைய வழிபாட்டுக்கு 'ஜெம்' எண்டு பெயர். பள்ளிவாசலில் நடக்காது. ஆணும் பெண்ணும் ஒன்றாக இருந்து, சாஸ் எண்ட நரம்பிசைக் கருவியோடு பாடி, செமா எண்ட சுழல் ஆட்டம் ஆடுவார்கள். ரமழான் நோன்பைவிட முஹர்ரம் நோன்புதான் அவர்களுக்கு முக்கியம். 16ஆம் நூற்றாண்டில் ஓட்டோமான் சுல்தான் முதலாம் செலிமின் காலத்திலிருந்து, பாரசீக ஷாவின் ஆட்கள் எண்டும் மதம் பிறழ்ந்தவர்கள் எண்டும் வேட்டையாடப்பட்டார்கள். அப்போது அவர்களுக்கு வைத்த பெயர் கிசில்பாஷ், செந்தலையர். ஆகவே வழிபாடு இரவில், மூடிய கதவுக்குள், வாசலில் காவல் வைத்து நடந்தது. உள்ளே என்ன நடக்குது எண்டு தெரியாத பக்கத்து ஊர்க்காரர் ஒரு கதை கட்டினார்கள். அவர்கள் மெழுகுதிரியை அணைத்துவிட்டு, தாய் மகள் தங்கச்சி எண்டு பார்க்காமல் இருட்டில் கூடுகிறார்கள் எண்டதுதான் அந்தக் கதை.

இந்தக் கதை அலெவிகளுக்கெண்டு புதுசாகச் செய்ததுகூட இல்லை எண்டதுதான் எங்களைத் திகைக்க வைத்தது. உரோமப் பேரரசில் ஆதிக் கிறிஸ்தவர்களைப் பற்றி இதே கதை ஓடியது. விளக்குத் தண்டில் ஒரு நாயைக் கட்டி, தூரத்தில் இறைச்சித் துண்டை எறிய, நாய் பாய்ந்து விளக்கைத் தட்டிவிடுமாம், பிறகு இருட்டில் முறைகேடாம். மினூசியஸ் பெலிக்ஸும் தெர்துல்லியனும் இதை மறுத்து எழுதியிருக்கிறார்கள். மூடிய கதவு, இரவு, ஆணும் பெண்ணும் ஒரே அறையில். இந்த மூன்றும் சேர்ந்தால் வெளியில் நிற்கிறவனின் கற்பனை எப்பவும் ஒரே பாதையில்தான் போகும்போல.

ஜெம் வழிபாட்டில் உண்மையில் அந்தத் திரிக்கு ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். பன்னிரண்டு பணிகளில் அதுவும் ஒன்று. முடிவில் திரியை 'அணைக்கிறோம்' எண்டு சொல்லமாட்டார்கள், 'ஓய்வெடுக்க விடுகிறோம்' எண்டுதான் சொல்லுவார்கள். (எங்கட பெரியாக்களும் சாமி விளக்கை அணை எண்டு வாயால் சொல்ல விடமாட்டினம்.)

இந்த வதந்தி வாயோடு நிற்கவில்லை. 1978 டிசம்பரில் துருக்கியின் மராஷ் நகரில் அலெவிகளின் வீடுகள் நாட்கணக்காகத் தாக்கப்பட்டன. உத்தியோகபூர்வக் கணக்கிலேயே நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். 1993 ஜூலை 2 இல் சிவாஸ் நகரில் ஒரு கலை விழாவுக்கு வந்து மடிமாக் ஹொட்டலில் தங்கியிருந்த எழுத்தாளர்களும் பாடகர்களும் இளைஞர்களும் சுற்றிவளைக்கப்பட்டு, ஹொட்டலுக்குத் தீ வைக்கப்பட்டது. விழாவுக்கு வந்தவர்களில் 33 பேர் செத்தார்கள். அதற்கு ஒன்றரை வருடம் கழித்து, 1995 ஜனவரியில், துருக்கியின் ஒரு தனியார் தொலைக்காட்சியில் கூனர் உமிட் எண்ட பிரபல தொகுப்பாளர் தகாத உறவையும் கிசில்பாஷ் எண்ட பெயரையும் முடிச்சுப் போட்டு ஒரு பகிடி விட்டார். அலெவிகள் நிலையத்தின் வாசலுக்கே போய்விட்டார்கள். அந்தப் பகிடியோடு அவருடைய நிகழ்ச்சி முடிந்தது. அதாவது 2007 க்கு முன்னமே, இன்னொரு நாட்டில், தொலைக்காட்சிக்கும் இந்தக் காயத்துக்கும் ஒரு தொடர்பு இருந்திருக்கிறது. நாடகம் ஒளிபரப்பான டிசம்பர் 23, மராஷ் படுகொலையின் நினைவு வாரத்துக்குள் வருகிற நாள். நிகழ்ச்சி அட்டவணை போட்டவர் இதை நினைத்திருக்கமாட்டார். பார்த்தவர்களில் நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள்.

ஜேர்மனிப் பக்கத்துக்கு வருவம். துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் கைச்சாத்தானது 1961 ஒக்டோபர் 30 இல். நொய்ஸின் விளம்பரத்துக்கு மூன்று மாதம்கூட முன்னமில்லை. அந்த 89 வீதக் கணக்குக்குள் அப்போதுதான் வரத் தொடங்கியிருந்த தொழிலாளர்கள் இருந்திருக்கமாட்டார்கள். வந்தவர்களில் அலெவிகளும் இருந்தார்கள், ஆனால் பலர் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. தொழிற்சாலையில் பக்கத்தில் நின்று வேலை செய்யும் துருக்கிக்காரனுக்குத் தெரிந்தால் அவன் கையால் கொடுத்ததைச் சாப்பிடமாட்டான் எண்ட பயம். ஜேர்மன்காரனுக்கோ எல்லாரும் 'துருக்கியர்' மட்டும்தான். 1989 இல் ஹம்பேர்க்கில் சிலர் கூடி ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள்: நாங்கள் அலெவிகள், எங்களை இந்தப் பெயரோடு ஏற்றுக்கொள்ளுங்கள் எண்டு. சிவாஸுக்குப் பிறகு ஐரோப்பா முழுக்கச் சங்கங்கள் பெருகின. 2002 இல் பெர்லின் பாடசாலைகளில் அலெவி சமய பாடம் தொடங்கியது. வெளியில் வந்து, பெயர் சொல்லி, நிமிர்ந்து நிற்கத் தொடங்கி இருபது வருடம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில்தான் நாட்டின் மிகப் பெரிய ஞாயிறு நாடகம் அவர்களை மற்ற எல்லாருக்கும் அறிமுகப்படுத்துகிறது. அறிமுகமே தகப்பனும் மகளும்.

இயக்குனருக்குக் கெட்ட நோக்கம் இருந்தது எண்டு நாங்கள் நினைக்கவில்லை. நிறுவனமும் இது கற்பனை, யாரையும் புண்படுத்தும் எண்ணம் இல்லை எண்டுதான் சொன்னது. எங்கள் வாசிப்பு இது: 2005 இல் பெர்லினில் ஹாத்துன் சுரூஜு எண்ட இளம்பெண்ணைச் சொந்தத் தம்பியே சுட்டுக் கொன்றபிறகு, ஜேர்மன் ஊடகங்களில் கௌரவக்கொலைதான் பேச்சு. துருக்கிப் பெண் செத்துக் கிடந்தால் பார்வையாளர் உடனே மதத்தையும் முக்காட்டையும் சந்தேகப்படுவார். அந்தப் பழகிப்போன பாதையைத் தவிர்க்கத்தான் கதை ஒரு முற்போக்கான குடும்பத்தைத் தேடியிருக்கவேண்டும். அலெவிகள் அதற்குப் பொருத்தமாகத் தெரிந்திருப்பார்கள். ஒரு வார்ப்பைத் தவிர்க்கப் போய், அதைவிட ஐந்நூறு வருடம் பழைய இன்னொன்றுக்குள் காலை விட்டுவிட்டார்கள்.

துப்பறியும் கதையின் அமைப்பும் இதில் ஒரு கூட்டாளி. மற்ற நாடகங்களில் ஒரு பாத்திரம் கெட்டதைச் செய்தால் அது ஒரு சம்பவம். இங்கே கடைசிப் பத்து நிமிடத்தில் வருவது விடை. அதுவரை பார்த்த எல்லாவற்றையும், சாப்பாட்டு மேசையின் மௌனத்தை, மூடிய கதவை, அந்த விடை திரும்பிப்போய்ச் சாட்சியாக மாற்றிவிடும். 'ஓ, அதுதான் அப்படியோ' எண்டு பார்வையாளர் தலையாட்டுவதுதான் இந்த வகைக் கதையின் முழு இன்பமும். அந்தத் தலையாட்டலைத்தான் அலெவிகள் பயந்தார்கள். அலெவி ஒருவன் குற்றவாளியாக வருவது பிரச்சினை இல்லை, கொலைகாரனாகக் காட்டுங்கோ, இந்தக் குற்றம் மட்டும் எங்கட தலையில் வேண்டாம் எண்டுதான் அவர்கள் கேட்டது.

இந்த இடத்தில்தான் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. எங்களில் பெரும்பாலானோர் ஆர்ப்பாட்டத்தோடு நின்றோம், பொலிஸ் முறைப்பாட்டோடு நிற்கவில்லை. ஜேர்மன் அடிப்படைச் சட்டத்தின் 5ஆம் உறுப்புரை கலைக்குச் சுதந்திரம் உண்டு எண்டும் தணிக்கை கிடையாது எண்டும் சொல்கிறது. நாசிக் காலத்தில் புத்தகம் எரித்த நாடு அதை எழுதி வைத்ததற்குக் காரணம் இருக்கு. கோபப்பட்டுத் தெருவில் நிற்பது பார்வையாளரின் உரிமை, வழக்குப் போடத் தொடங்கினால் நாளைக்கு அதே சட்டத்தோடு இன்னொருத்தர் வருவார், அலெவிகளின் பாட்டுக்கு எதிராகவே வருவார்.

ஆனால் எங்களில் ஒருத்தி இரண்டையும் ஒத்துக்கொள்ளேல்லை. அவள் கேட்டது வேறு. அந்த 20,000 பேருக்குள்ளயும், வீட்டில் அப்படியொரு தகப்பனோட இருக்கிற ஒரு பிள்ளை நிண்டிருக்கலாம்தானே? அலெவி எண்டதால இல்லை, எந்தச் சமூகத்திலயும் அப்படி வீடுகள் இருக்கு எண்டதால. சமூகமே சேர்ந்து 'எங்களுக்குள்ள இது இல்லை' எண்டு கத்தேக்க, அந்தப் பிள்ளை பிறகு எங்க போய்ச் சொல்லும்? அவதூறு பொய் எண்டு நிறுவ வேண்டிய சமூகத்துக்கு, உண்மையான ஒரு சம்பவத்தைக்கூட வாயால் சொல்ல ஏலாமல் போகுது. அதைச் செய்தது அவதூறு கட்டினவன்தான், நாடகம் அவனுக்கு உதவி செய்தது எண்டு நாங்கள் சொன்னோம். அது எனக்கும் தெரியும், எண்டாலும் பிள்ளை எங்க போறது எண்டு அவள் திரும்பவும் கேட்டாள்.