படச்சுருள் இல்லாத பயிற்சி: குலெஷோவ் பட்டறையும் தொடர்ச்சிப் படத்தொகுப்பும்

முன்னுரை

குறும்படம் எடுக்கப் பயிலும் மாணவர் முதலில் கற்பன இரண்டு. ஒரு நிகழ்வைப் பல ஷாட்டுகளாகப் பகுத்தல் ஒன்று. பகுத்தவற்றை இடமும் காலமும் அறுபடாதனபோல் இணைத்தல் மற்றொன்று. அமெரிக்கப் படக்கூடங்களில் தொழில் வழக்காக வளர்ந்த இவற்றைச் சோதித்தறியும் பாடமாக மாற்றியதில், மாஸ்கோவில் லெவ் குலெஷோவ் நடத்திய பட்டறைக்குப் பெரும்பங்கு உண்டு. படச்சுருள் பற்றாக்குறையே அப்பாடத்தைப் பிறப்பித்தது என்னும் கருத்து எந்த அளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பற்றாக்குறையும் பயிற்சி முறையும்

1919இல் விளாதிமிர் கார்தின் தலைமையில் மாஸ்கோ திரைப்படப் பள்ளி தொடங்கப்பெற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் சோவியத் அரசு திரைத்தொழிலை நாட்டுடைமையாக்கியது. உள்நாட்டுப் போராலும் வணிகத் தடையாலும் புதிய படச்சுருள் கிடைப்பது அரிதாயிற்று. அங்கு ஆசிரியராகச் சேர்ந்த குலெஷோவ் அப்போது இருபது வயதினர். அவரிடம் பயின்ற புதோவ்கின் அவரினும் ஆறாண்டு மூத்தவர்.

மாணவர்கள் ‘படச்சுருள் இல்லாப் படங்கள்’ எனப்பட்ட நாடகத் துண்டுகளை மேடையில் நிகழ்த்தினர். சட்டகம் கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருப்பதாகக் கொண்டு, உடலசைவுகளை அக்கோடுகளுக்கு இயைய அமைத்துப் பழகினர். எதைக் காட்டுவது, எங்கே வெட்டுவது என்னும் முடிவுகள் இதனால் ஒளிப்பதிவுக் கருவிக்கு முன்னரே எடுக்கப்பட்டன.

இணைப்பின் சோதனைகள்

கிடைத்த சிறிதளவு படச்சுருளில் செய்யப்பட்ட சோதனைகளுள் ‘ஆக்க நிலவியல்’ குறிப்பிடத்தக்கது. மாஸ்கோவின் வெவ்வேறு இடங்களில் நடந்துவரும் ஆணும் பெண்ணும் சந்தித்துக் கைகுலுக்குகின்றனர். ஆண் ஒரு திசையைச் சுட்டுகிறான். அமெரிக்கப் படமொன்றிலிருந்து எடுத்த வெள்ளை மாளிகை தோன்றுகிறது. பின்னர் இருவரும் மாஸ்கோப் பேராலயப் படிகளில் ஏறுகின்றனர். பார்வையாளர் காண்பதோ ஒரே இடம். நடையின் திசையும் பார்வையின் திசையும் ஒத்தமையின் நிலத்தின் தொலைவு மறைகிறது. தொடர்ச்சி என்பது படமெடுத்த இடத்தின் பண்பன்று, இணைப்பின் பண்பு என்பதே இதன் பாடம்.

நடிகர் மொசூகினின் ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளோடு இணைத்த சோதனை இதனினும் புகழ்பெற்றது. எனினும் அதன் படப்பிரதி எஞ்சவில்லை. இணைக்கப்பட்ட காட்சிகள் எவை என்பதில் புதோவ்கின் கூற்றும் குலெஷோவின் பிற்கால நினைவுகளும் வேறுபடுகின்றன. ஆகவே அதனை நிறுவப்பட்ட அறிவியல் முடிவாகக் கொள்ளாது, பட்டறையின் கற்பித்தல் மரபாகக் கொள்வதே தகும்.

பற்றாக்குறைக்கு முந்தைய சிந்தனை

படத்தொகுப்புக் கோட்பாடு முழுவதும் வறுமையில் விளைந்தது என்பது மிகைக்கூற்று. 1918இல் வெளிவந்த ‘பொறியாளர் பிரைட்டின் திட்டம்’ படத்திலேயே, மாந்தர் நோக்குவதையும் அவர்கள் நோக்கும் மின்கம்பங்களையும் தனித்தனியே படமாக்கி இணைத்திருந்தார் குலெஷோவ். அமெரிக்கப் படங்களின் விரைவான வெட்டுகளையும் அவை பார்வையாளரை ஈர்ப்பதையும் அவர் கூர்ந்து கவனித்திருந்தார். கருத்து முன்னரே இருந்தது. பற்றாக்குறை அதனைப் பாடத்திட்டமாக்கியது.

முடிவுரை

இப்பயிற்சியின் பயன் 1924இல் வெளிவந்த ‘மிஸ்டர் வெஸ்ட்’ படத்தில் புலப்பட்டது. பட்டறையைச் சேர்ந்த புதோவ்கின், பார்னெட், கோக்லோவா ஆகியோர் அதில் நடித்தனர்; முன்னிருவரும் பின்னர் இயக்குநர்களாயினர். இன்று கைப்பேசியிலேயே எல்லையின்றிப் படமெடுக்கலாம். ஆயினும் வெட்டினை முன்னறியாது எடுத்த ஷாட்டுகள் எத்துணை மிகினும் இணையா. கருவியைக் கையிலெடுக்குமுன் இணைப்பைச் சிந்திக்கப் பயிற்றுவதே அப்பட்டறை திரைக்கல்விக்கு விட்டுச்சென்ற முறையியல்.