சாரட்டும் சின்னக் காரும்

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் பிற்பகல், எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கார் ரம்பத்தால் அறுபட்டுக்கொண்டிருந்தது.

நேயர்கள் பயப்பட வேண்டாம். ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் கார்தான். அசல் வண்டியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. துண்டு துண்டாகப் பெட்டிக்குள் அடைத்து விற்கிறார்கள்; வாங்குகிறவர்கள் ஒட்டி, வர்ணம் பூசிக்கொள்ள வேண்டும். அறுத்துக்கொண்டிருந்தவள் என் பேத்தி. வயது பதின்மூன்று. தரையில் செய்தித்தாளை விரித்து, பிளேடைப் போல மெல்லிய ரம்பம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, காரின் கூரையைத் தாங்கும் தூண்களை ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டிருந்தாள். செய்முறைக் காகிதம் பக்கத்தில் குப்புறக் கிடந்தது.

"அடடா, புதுக் காரை ஏனம்மா இப்படிப் பாழாக்குகிறாய்?" என்று கத்திவிட்டேன்.

"பாழாக்கலை தாத்தா. கூரையைத் தாழ்த்தறேன். அஞ்சு மில்லிமீட்டர் எடுத்தாப் போதும், பதுங்கின புலி மாதிரி ஆயிடும்."

"பெட்டியில் போட்டிருக்கிறபடி செய்தால் என்ன?"

"அப்படிச் செஞ்சா அது அவங்க கார். இப்படிச் செஞ்சாத்தான் என் கார்."

அவள் தலை நிமிராமலே சொன்ன அந்தப் பதில் என்னை ஏதோ செய்தது. அறுபது வருஷங்களுக்கு மேலாக நான் திருப்பித் தராத ஒரு கடன் ஞாபகத்துக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில், இந்தச் சின்னக் கார் கட்டும் பைத்தியத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது என்னை இரண்டு வாரம் தூங்க விடாமல் செய்தது. அதைச் சொல்லிவிடுகிறேன்.

1930-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பங்குச் சந்தை சரிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வேலையில்லாதவர்களின் கூட்டம் பெருகிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் டெட்ராய்ட் நகரத்து ஃபிஷர் பாடி கம்பெனி சிறுவர்களுக்கு ஒரு போட்டி அறிவித்தது. இந்தக் கம்பெனியை 1908-இல் தொடங்கியவர்கள் ஃபிஷர் சகோதரர்களில் மூத்தவர்கள். சகோதரர்கள் மொத்தம் ஏழு பேர். குதிரை வண்டி கட்டும் குடும்பத்தில் பிறந்து, மோட்டாருக்கு உடல் கட்டும் தொழிலில் இறங்கியவர்கள். 1926-இல் கம்பெனி முழுவதும் ஜெனரல் மோட்டார்ஸ் வசமாகிவிட்டது. ஆனாலும் கார்களின் கதவடியில் பதித்த சின்னத் தகட்டில் அவர்கள் முத்திரை நிலைத்தது. அந்த முத்திரை ஒரு மோட்டார் அல்ல. நெப்போலியன் காலத்து ராஜ சாரட்டு.

போட்டியும் அதுதான். 'ஃபிஷர் பாடி கிராஃப்ட்ஸ்மன்ஸ் கில்டு' என்ற பெயரில் கைவினைஞர் சங்கம் ஒன்று ஏற்படுத்தி, அதில் சேரும் சிறுவர்கள் அந்தச் சாரட்டைச் சிறிய அளவில் செய்து அனுப்ப வேண்டும் என்றார்கள். முதல் பரிசு பெறும் நால்வருக்குத் தலைக்கு 5,000 டாலர், சர்வகலாசாலைப் படிப்புக்கு உபகாரச் சம்பளம். அன்றைக்கு அறுநூறு டாலர் கையிலிருந்தால் ஒரு புதுச் செவர்லே காரை வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். அப்படியானால் 5,000 டாலர் எப்பேர்ப்பட்ட தொகை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வேலை போன தகப்பன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க, பையன் கொல்லைப்புறத்தில் உளியும் அரமுமாக உட்கார்ந்துவிட்டான்.

வரைபடத்தைக் கம்பெனி கொடுக்கும். மற்றதெல்லாம் பையன் பாடு. கடையில் வாங்கிய தயார்ச் சாமான் எதையும் ஒட்டக் கூடாது. மரத்தைச் செதுக்க வேண்டும். உலோகத்தை உருக்கி வார்க்க வேண்டும். சக்கரத்துக்கு ஆரக்கால் பூட்ட வேண்டும். கதவு திறந்து மூட வேண்டும். உள்ளே மெத்தை தைக்க வேண்டும். தேவையான கருவி கிடைக்காவிட்டால் அதையும் தானே செய்துகொள்ள வேண்டும். மரத் தச்சன், கருமான், தையற்காரன், தட்டான், வர்ணக்காரன் ஆகிய ஐவரின் வேலையையும் பதினைந்து வயதுப் பையன் ஒருவனே கற்றான். சிலருக்கு ஒரு சாரட்டு முடிய வருஷக்கணக்கில் ஆயிற்று.

கம்பெனி இதைத் தர்மத்துக்காகச் செய்ததென்று நான் சொல்ல மாட்டேன். இன்றைய சிறுவன் நாளைக்குக் கார் வாங்குகிறவன் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் இதில் ஒரு விசித்திரம் உண்டு. சிறுவர்கள் மரத்தைச் செதுக்கிக்கொண்டிருந்த அந்த வருஷங்களில்தான், மரச்சட்டம் போட்டு வண்டி கட்டும் வேலையே அந்தக் கம்பெனியில் மறைந்துகொண்டிருந்தது. 1935-ஆம் வருஷத்துக் கார்களுக்கு ஒரே எஃகுத் தகட்டில் அழுத்தி எடுத்த கூரை வந்துவிட்டது. தன் பட்டறையில் இனி வேண்டாமென்று விட்டுக்கொண்டிருந்த கைத்தொழிலை, ஊரார் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்துக் கற்பித்தது அந்தக் கம்பெனி!

கற்ற பிள்ளைகள் வீணாகவில்லை. 1931-இல் முதல் பரிசு பெற்ற நால்வரில் டொனால்ட் பர்ன்ஹாம் என்ற இந்தியானா மாகாணத்துப் பையன் ஒருவன். எஞ்சினீயரிங் படித்தான். 1963-இல் வெஸ்டிங்ஹவுஸ் என்ற மாபெரும் மின்சாரக் கம்பெனியின் தலைவரானான். 'ஆனான்' என்று எழுதுவது மரியாதைக் குறைவு, ஆனார்.

1937-இல் போட்டியில் ஒரு திருப்பம். சாரட்டோடு இன்னொரு பிரிவும் சேர்ந்தது: மோட்டார் கார் செய்து அனுப்பலாம். இதற்கு வரைபடம் கிடையாது. எதிர்காலத்துக் கார் எப்படி இருக்க வேண்டும் என்று பையனே யோசித்து, பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்ய வேண்டும். அதாவது, அசலின் ஓர் அடி இங்கே ஓர் அங்குலம். மகாயுத்தத்துக்குப் பிறகு சாரட்டு மறைந்துபோய்க் கார் மட்டுமே நிலைத்தது.

இந்த மாறுதலை நான் பெரிதாக நினைக்கிறேன். சாரட்டு செய்த பையன் பிசகில்லாமல் பிரதி எடுக்கிறவன். வரைபடத்துக்கும் அவன் வேலைக்கும் எவ்வளவு வித்தியாசமோ அவ்வளவு மதிப்பெண் போகும். கார் செய்த பையனோ, முதல் உளி வெட்டு விழுவதற்கு முன்பே ஒரு தீர்மானத்துக்கு வந்தாக வேண்டும். முகப்பு நீளமா, குட்டையா? கூரை சரிய வேண்டுமா, நிமிர வேண்டுமா? யாரைக் கேட்பது? கேட்க ஆள் இல்லை. தன் கண்ணைத்தான் நம்ப வேண்டும்.

பெரிய கார்களும் அந்த நாளில் இப்படித்தான் பிறந்தன. 1927-இல் ஹாலிவுட்டிலிருந்து ஹார்லி ஏர்ல் என்பவரை ஜெனரல் மோட்டார்ஸ் வரவழைத்து, கார்களின் அழகைக் கவனிக்கவென்றே ஒரு தனிப் பிரிவை ஒப்படைத்தது. ஹாலிவுட் நட்சத்திரங்களின் வண்டிகளை அவரவர் இஷ்டப்படி மாற்றிக் கட்டிக் கொடுத்துப் பெயர் வாங்கியவர் அவர். களிமண்ணில் உருவம் பிடித்துப் பார்த்து, தடவி, வழித்து, மறுபடி அப்பி, பிறகே தகட்டுக்குப் போகும் வழக்கத்தை அங்கே நிலைநாட்டினார். நாம் நினைப்பது தலைகீழ். பெரிய காரைப் பார்த்துச் சின்னக் கார் செய்வதாக நினைக்கிறோம். டெட்ராய்ட்டில் சின்னது பிறந்த பிறகுதான் பெரியது பிறந்தது.

ஆகையால் சின்னக் கார் செய்த பிள்ளைகளை அந்தப் பிரிவு விட்டு வைக்குமா? சார்லஸ் ஜோர்டன் என்ற கலிபோர்னியா மாகாணத்து இளைஞர் 1947-இல் தேசிய முதல் பரிசு பெற்றார். 1949-இல் ஜெனரல் மோட்டார்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். 1986-இல், ஏர்ல் ஒரு காலத்தில் வகித்த அதே வடிவமைப்புத் தலைமைப் பதவியில் அமர்ந்து, 1992-இல் ஓய்வு பெற்றார்.

அப்புறம் 1958 வந்தது. மிச்சிகனில் ஏ.எம்.டி. என்று ஒரு கம்பெனி. புதுக் கார் விற்கும் கடைகளுக்காகச் சின்னப் பிளாஸ்டிக் மாதிரிகள் செய்து கொடுத்து வந்தது. அதே மாதிரியை ஒட்டாமல் துண்டுகளாகப் பெட்டியில் போட்டு, கூடவே உபரிச் சாமான்களும் சேர்த்து, 'ஒன்றில் மூன்று' என்று விற்றார்கள். கம்பெனியிலிருந்து வந்தபடியே கட்டலாம். பந்தயக் காராகக் கட்டலாம். இல்லையென்றால் 'கஸ்டம்', அதாவது தன் இஷ்டப்படி மாற்றிக் கட்டலாம்.

இந்த 'கஸ்டம்' கலிபோர்னியா இளைஞர்களின் சரக்கு. யுத்தத்துக்குப் பிறகு பழைய கார்களை வாங்கி, கூரைத் தூண்களை அறுத்துத் தாழ்த்தி, பளபளக்கும் அலங்காரத் துண்டுகளைப் பிடுங்கி, ஓட்டைகளை ஈயத்தால் அடைத்து வழவழப்பாக்கி ஓட்டினார்கள். அங்கே பட்டறையில் பெரியவர்கள் ஈயத்தால் செய்ததை, இங்கே சாப்பாட்டு மேஜையில் சிறுவர்கள் பட்டி வைத்துச் செய்தார்கள். பட்டி காய்ந்ததும் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்ப்பது, வர்ணம் அடிப்பது, மறுபடி தேய்ப்பது. பாகங்களைச் சுற்றியுள்ள உபரிப் பிளாஸ்டிக் கம்பியை மெழுகுவர்த்திச் சுடரில் இளக்கி இழுத்தால் தலைமுடி போல நீளும். அதுதான் ரேடியோ ஏரியல். தையல் நூல், எஞ்சின் ஒயர். கொல்லைப்புறத்துப் பையன் மரத்தோடு வருஷக்கணக்கில் போராடிய இடத்தில், இவன் இரண்டு வாரத்தில் கார் முடித்தான். கில்டின் கதையும் 1968-இல் முடிந்தது.

பெட்டிக் காரை இளக்காரமாகப் பேச எனக்கும் முதலில் ஆசைதான். 'அந்தக் காலத்துப் பையன்கள்!' என்று ஒரு பெருமூச்சு விட்டிருப்பேன். ஆனால் கூடத்தில் குப்புறக் கிடந்த செய்முறைக் காகிதம் என் வாயை அடைத்தது. காகிதத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு ரம்பத்தை எடுக்கிற அந்த ஒரு நிமிஷம், 1937-இல் வரைபடமில்லாமல் மரக்கட்டையின் முன் உட்கார்ந்த பையனின் நிமிஷம்தான். அறுத்த பிறகு ஒட்டினால் பழையபடி வராது. துணிந்துதான் அறுக்க வேண்டும்.

இனி என் கடனைச் சொல்கிறேன்.

கில்டின் விதிகளில் இரண்டு என் கண்ணில் பட்டன. ஒன்று: வேலை முழுவதும் போட்டியாளனுடைய சொந்தக் கை வேலையாக இருக்க வேண்டும். மற்றொன்று: சிறுவர்கள் மட்டுமே சேரலாம். சிறுமிகளுக்கு முப்பத்தெட்டு வருஷமும் இடமில்லை. முதல் விதியைப் படித்தபோது எனக்குக் காது சிவந்தது. இரண்டாவதைப் படித்தபோது என் தங்கை ஞாபகம் வந்தது.

1961-இல் எனக்குப் பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் கண்காட்சி. ஆண் பிள்ளைகளின் பள்ளிக்கூடம். என் கையில் உளியைக் கொடுத்தால் முதலில் என் விரல்தான் செதுக்கப்படும். என் தங்கைக்குப் பதினொன்று. கல்யாண முருங்கைக் கட்டை ஒன்றை எங்கிருந்தோ கொண்டு வந்து, அம்மா காய் நறுக்காத வேளைகளில் அரிவாள்மனையிலும், மற்ற வேளைகளில் அண்டை வீட்டு ஆசாரி தந்த தேய்ந்த உளியிலுமாக, டாக்டருடைய மாரிஸ் மைனர் காரைச் செய்தாள். நூற்கண்டுக் கட்டையை வில்லை வில்லையாக அறுத்துச் சக்கரம். உடைந்த வளையல் துண்டில் பின்விளக்கு.

டாக்டர் காரில் இல்லாத ஒன்றும் அதில் இருந்தது. பின் கதவை அகலமாக்கி, தீப்பெட்டியின் உள்கூட்டை ஆசனமாகப் பொருத்தியிருந்தாள். கதவைத் திறந்து இழுத்தால் ஆசனம் வெளியே வரும். எங்கள் பாட்டிக்கு முட்டி மடங்காது. ஆஸ்பத்திரிக்குப் போக டாக்டர் காரில் அவளை ஏற்றுவதற்குள் நாலு பேர் வேர்த்துப் போவார்கள். பாட்டி வெளியிலேயே உட்கார்ந்துகொள்ள வேண்டும், ஆசனத்தோடு உள்ளே தள்ளிவிட வேண்டும். இது என் தங்கையின் யுக்தி.

கண்காட்சியில் அந்தக் கார் என் பெயரோடு வைக்கப்பட்டது. பரிசு கொடுக்க வந்த பெரியவர் ஆசனத்தை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது ஏன் தம்பி வெளியே வருகிறது?" என்று கேட்டார்.

"சும்மா, வேடிக்கைக்குத்தான் சார்" என்றேன்.

முதல் பரிசு ஒரு பேனா. அதை வைத்துக்கொண்டுதான் என் முதல் கதையை எழுதினேன். தங்கை எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டாள். நான் பொய் சொன்னதைக்கூட மன்னித்துவிடலாம். அவள் பாட்டிக்காக யோசித்ததை 'வேடிக்கை' என்று சொன்னேனே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

டெட்ராய்ட்டிலும் கதவு முழுவதும் சாத்தியே கிடக்கவில்லை. கில்டு சிறுமிகளைச் சேர்க்காத அதே காலத்தில், ஹார்லி ஏர்ல் தம் பிரிவில் சில பெண்களை வேலைக்கு வைத்தார். பெரும்பாலும் காரின் உட்புறத்தைத்தான் அவர்களுக்கு விட்டார். 1958-இல் அவர்கள் மாற்றி அமைத்த கார்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். ரூத் கிளெனி என்பவர் ஒரு கார்வெட் காருக்கு, பருவத்துக்கு ஒன்றாக நாலு விதமான ஆசன உறைகள் செய்ததோடு, தானே உள்ளே சுருண்டுகொள்ளும் பாதுகாப்புப் பட்டையும் வைத்தார். காரில் உட்காரப் போகிறவர்களை நினைத்துச் செய்த வேலை. அடுத்த வருஷத்துக்குள் ஏர்ல் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் அந்த ஆதரவு நீடிக்கவில்லை. பெண்களில் பலர் விலகிவிட்டார்கள். சூசன் வேண்டர்பில்ட் போன்ற சிலர் நிலைத்தார்கள். 1955-இல் சேர்ந்த அவர் 1977 வரை அங்கே பணியாற்றினார்.

இவ்வளவும் படித்து முடித்த அன்று மாலை கூடத்துக்குப் போனேன். கார் முடியும் தறுவாயில் இருந்தது. உண்மையிலேயே பதுங்கின புலிதான்.

"தாத்தா, நீங்க சின்ன வயசிலே இந்த மாதிரி ஏதாவது செஞ்சிருக்கீங்களா?"

"இல்லையம்மா. உன் அத்தைப் பாட்டி செய்திருக்கிறாள். பரிசை நான் வாங்கிக்கொண்டேன்" என்று முழுவதையும் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் டெலிபோனை எடுத்துத் திருச்சிக்குப் பேசினாள்.

என் தங்கை பேனாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். "அந்த ஆசனம் இழுக்கிறப்போ வலது பக்கம் சிக்கும்டி. கொஞ்சம் மெழுகு தடவியிருக்கணும். அப்போ எனக்குத் தோணலை" என்றாளாம்.

பேத்தி டெலிபோனை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் ஒரு தீப்பெட்டியும், ஒரு துண்டு மெழுகுவர்த்தியும் இருந்தன.