வலைக்கு வராத குருவிகள்

1969 வசந்தத்திலும் இங்கிலாந்தின் பறவை ஆர்வலர்கள் வழக்கம்போல விடியுமுன் எழுந்து, பறவைகளைப் பிடித்து வளையமிடப் புதர்களுக்கிடையே வலை கட்டினார்கள். வைட்த்ரோட் மட்டும் சரியாகச் சிக்கவில்லை. வெள்ளைத் தொண்டையும் செம்பழுப்புச் சிறகும் கொண்ட, சுமார் 15 கிராம் எடையுள்ள இந்தக் குருவி அங்கே அபூர்வமானதல்ல; வேலியோரமெங்கும் கத்திக்கொண்டிருக்கும். அந்த ஆண்டு வந்து சேர்ந்தவை முந்தைய ஆண்டில் ஏறத்தாழக் கால் பங்குதான்.

பறவையின் காலில் எண் பொறித்த வளையம் மாட்டும் பழக்கத்துக்கு அப்போது வயது எழுபது. 1899இல் டென்மார்க்கின் விபோர்க் ஊரில் ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்டென்சன் என்ற பள்ளி ஆசிரியர், மைனாவுக்கு உறவான ஸ்டார்லிங் பறவைகளுக்கு அலுமினிய வளையம் மாட்டினார். பிரிட்டனில் 1909இல் ஹாரி விதர்பி தொடங்கிவைத்தார். பறவைகள் எங்கே போகின்றன என்பதே கேள்வி. 1911 மே மாதம் ஸ்டாஃபோர்ட்ஷயரில் வளையமிட்ட தகைவிலான் ஒன்று, 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் கிடைத்தது. இப்படியொரு தகவலுக்காக எத்தனை வளையமும் மாட்டலாம்!

வராத பறவையைப் பற்றி வளையம் என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது. ஆனால் அதே ஆட்கள் அதே இடத்தில் வருடந்தோறும் வலை கட்டியிருந்தார்கள். 1962 முதல் பண்ணைநிலப் பறவைகளின் கணக்கெடுப்பும் நடந்துவந்தது. ஆகவே வெற்று வலையும் கணக்கில் ஏறியது.

பூச்சிமருந்தின் மேல் பழிபோடுவது எளிதாக இருந்திருக்கும். அந்தக் கணக்கெடுப்பே அந்தக் கவலையில் பிறந்ததுதான். ஆனால் காரணம் வெகுதொலைவில் இருந்தது. வைட்த்ரோட் குளிர்காலத்தைக் கழிப்பது சகாராவுக்குத் தெற்கே, சாஹெலின் முட்புதர்களில். 1968இல் அங்கே மழை பொய்த்தது. திரும்பிவர வேண்டுமானால் பழமும் பூச்சியும் தின்று உடம்பில் கொழுப்பு ஏற்றியாக வேண்டும். பாலைவனம் தாண்ட அதுதான் கட்டுச்சோறு. காய்ந்த புதரில் அதற்கு வழியில்லை. 1974இல் டெரிக் வின்ஸ்டன்லி, ராபர்ட் ஸ்பென்சர், கென்னத் வில்லியம்சன் மூவரும் இந்த விளக்கத்தை 'பேர்ட் ஸ்டடி' ஆய்விதழில் முன்வைத்தார்கள். சாஹெலையும் கடந்து இன்னும் தெற்கே, ஈரமான நிலங்களுக்குப் போகும் வில்லோ வார்ப்ளருக்கு அப்படி அடி விழவில்லை.

சாஹெலில் மனிதர்கள் பட்ட பஞ்சம் உலகச் செய்தியானது 1970களின் தொடக்கத்தில்தான். மழை தொடர்ந்து ஏமாற்ற, வைட்த்ரோட்டும் 1980களின் நடுப்பகுதிவரை தேறவில்லை. பிறகு எண்ணிக்கை ஏறியபோதும் 1968இன் அளவை எட்டவில்லை. 1983-84 வறட்சியில் ஆற்றங்கரை மண்ணில் வளை தோண்டும் சேண்ட் மார்ட்டின்களுக்கும் இதே கதி நேர்ந்தது.