பள்ளியும் ஹள்ளியும்

பெங்களூரின் மாரத்தஹள்ளி, பொம்மனஹள்ளி, ஜாலஹள்ளி ஆகிய பெயர்களில் உள்ள 'ஹள்ளி'யும் திருச்சிராப்பள்ளியின் 'பள்ளி'யும் ஒரே மூலச்சொல்லின் வழிவந்தவை. தொல்திராவிடத்தில் அதன் வடிவம் *பள்ளி எனவும், பொருள் குடியிருப்பு அல்லது சிற்றூர் எனவும் மொழியியலார் மீட்டுருவாக்குவர். முன்னுள்ள விண்மீன் குறி, எழுத்துச் சான்றால் அன்றி ஒப்பீட்டால் பெறப்பட்ட வடிவம் என்பதை உணர்த்தும். கோட்டையைக் குறித்த தொல்கெல்டியச் சொல் *தூனோன், பிரான்சின் லியோன் நகரது பழம்பெயரான லுக்தூனத்திலும் அயர்லாந்தின் ஊர்ப்பெயர்களிலும் வாழ்வதை இதனோடு ஒப்பிடலாம்.

பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, இரண்டாம் பதிப்பு 1984) இச்சொல்லின் கிளைகளை ஒருங்கே தருகிறது. தெலுங்கில் 'பல்லெ' என்பது சிற்றூர். மலையாளத்தில் தேவாலயமும் மசூதியும் 'பள்ளி' எனப்படும். மதுரையை அடுத்த மாங்குளத்துத் தமிழிக் கல்வெட்டுகளில் அது சமணத் துறவியரின் உறைவிடம். பின்னர்த் தமிழில் கல்விக்கூடத்தையும் துயிலிடத்தையும் குறிக்கலாயிற்று.

கன்னடத்தில் ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டு முதல் சொல்முதற் பகரம் ஹகரமாகத் திரிந்தது. பால் 'ஹாலு' என்றும், புலி 'ஹுலி' என்றும், பத்து 'ஹத்து' என்றும் வழங்குவது இதனால்தான். ஹாசன் மாவட்டத்தில் கிடைத்த, ஏறத்தாழ கி.பி. 450ஐச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டு 'பல்மிடி' என்னும் ஊரைக் குறிக்கிறது. அவ்வூர் இன்று ஹல்மிடி. தருமபுரி மாவட்டத்திலோ நல்லம்பள்ளியும் உண்டு, மாரண்டஅள்ளியும் உண்டு. பின்னதில் தமிழ் நாவு ஹகரத்தையும் உதிர்த்துவிட்டது.

கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்னும் மேடைப்பேச்சு ஒன்று 2025இல் கர்நாடகத்தில் பெரும் பூசலை எழுப்பியது. 'பள்ளி'யை மட்டும் நோக்கின் அக்கூற்று மெய்போலத் தோன்றும். பழைய பகரத்தைக் காத்தது தமிழே. ஆயின் குடியிருப்பைக் குறிக்கும் மற்றொரு சொல்லான 'சேரி' இதை மறுக்கிறது. கன்னடத்தில் அது 'கேரி', மூலவடிவமும் *கேரி. இங்கே பழைய ககரத்தைக் காத்தது கன்னடம். இகர, எகரங்களின் முன் அதைச் சகரமாக்கியது தமிழ். செவிக்குக் 'கிவி' என்பதும் அவ்வாறே.

தாயிடம் இல்லாத பழமை மகளிடம் இருத்தல் இயலாது. ஒன்றில் தமிழும் மற்றொன்றில் கன்னடமும் முதுவடிவைப் போற்றியிருப்பதால், இவை இரண்டும் ஒரு தாயின் மக்களே.