தொழுவத்தில் வெடித்த பித்தளை

துப்பாக்கியை நான் கையால் தொட்டதுகூட இல்லை. ஆனால் தூக்கம் வராத ஒரு ராத்திரியில், அமெரிக்கர் ஒருவர் சுட்டு முடித்த காலித் தோட்டாக்களைக் கழுவும் வீடியோவை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுத்துப்போன பித்தளைக் கூடுகள். தண்ணீர், கொஞ்சம் சோப்பு, கொஞ்சம் சிட்ரிக் அமிலம், பொடிப்பொடியாக எஃகு ஊசிகள். எல்லாம் ஒரு உருளைக்குள் சுற்றிச் சுற்றி, வெளியே வரும்போது தங்கமாய் மின்னின.

எனக்கு ஆச்சி ஞாபகம் வந்தது. "புளியப் போட்டுத் தேய்டா, வெறும் மண்ணப் போட்டு உரசாத" என்பாள். புளியோ எலுமிச்சையோ, பித்தளையின் கறுப்பைக் கரைப்பது அமிலம்தான். கனெக்டிகட்டிலும் காரைக்குடியிலும் ரசாயனம் ஒன்றுதானே.

ஒரு தோட்டாவில் நான்கு பொருட்கள் உண்டு: கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, முனையில் குண்டு. சுட்டதும் மருந்து எரிந்துவிடும், குண்டு போய்விடும், பிரைமர் செத்துவிடும். மிச்சம் கூடு மட்டும்தான். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை அது. வெடிக்கும்போது விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும், உடனே லேசாகச் சுருங்கிக் கையோடு வந்துவிடும். தோட்டாவிலேயே விலை கூடிய பகுதியும் அதுதான். அதனால்தான் 1870-களில் அமெரிக்கச் சமவெளிகளில் காட்டெருமை வேட்டைக்காரர்கள் காலிக்கூடுகளைப் பொறுக்கிவந்து முகாமிலேயே மறுபடி நிரப்பினார்கள். 1884-இல் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம் அதற்கென்றே ஒரு கைக்கருவி விற்றது. படத்தில் பார்த்தால் நம்ம ஊர் பாக்குவெட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும்.

இன்று இதில் இறங்கும் புதியவர் முதலில் செய்வது, கூட்டின் அடிக்குள் எட்டிப் பார்ப்பது. ஒரு துளை இருந்தால் பாக்ஸர் வகை, பழைய பிரைமரை ஒரு கம்பியால் தள்ளிவிடலாம். இரண்டு துளை இருந்தால் பெர்டன், பாடு அதிகம். பாக்ஸர் ஆங்கிலேயர், பெர்டன் அமெரிக்கர். ஆனால் அமெரிக்கா பாக்ஸரை எடுத்துக்கொண்டது, ஐரோப்பா பெர்டனை!

எட்வர்ட் பாக்ஸர் வூல்விச் ஆயுதச்சாலையில் தன் தோட்டாவைச் செய்தது 1866-இல். அதற்கு ஒன்பது வருடம் முன்னால்தான் டம்டம்மில் தொடங்கிய கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டா வதந்தி 1857 ஆக வெடித்திருந்தது. பல்லால் கடிக்க வேண்டிய காகிதம் போய்ப் பித்தளை வந்தது. முதலில் வந்தது மெல்லிய தகட்டைச் சுருட்டிய கூடு. 1885-இல் சூடானில், அபு கிளியா சண்டையில், அது துப்பாக்கிக்குள் சிக்கிக்கொண்டு சிப்பாய்களின் உயிரை வாங்கியது. பிறகு ஒரே பித்தளை வில்லையை அழுத்தி அழுத்திக் குழாயாக இழுத்த கூடு வந்தது. இது கெட்டி.

கெட்டி என்றுதான் நினைத்தார்கள். இந்தியாவில் மழைக்காலத்தில் படை நடமாட்டம் குறையும்போது தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்தார்கள். மழை விட்டு எடுத்துப் பார்த்தால் பல கூடுகளில் விரிசல், முக்கியமாகக் கூடு குண்டை இறுக்கிப் பிடிக்கும் கழுத்தில். சுடவும் இல்லை, கீழே போடவும் இல்லை. தானாகவே வெடித்திருந்தது. பருவத்தோடு வந்ததால் 'பருவ விரிசல்' என்று பெயர் வைத்தார்கள். பழி மழையின் மேல்.

1921-இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்ற மூவர் காரணம் சொன்னார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா! அது மட்டும் போதாது. இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் ஒரு முறுக்கம் வெளியே தெரியாமல் தங்கியிருக்கிறது. இரண்டும் சேரும்போதுதான் உலோகம் பிளக்கிறது. தீர்வு எளிது: செய்து முடித்த கூட்டை 200-லிருந்து 300 டிகிரிக்குள் கொஞ்ச நேரம் சூடாக்கினால் முறுக்கம் தளர்ந்துவிடும், கெட்டித்தனம் போகாது. இன்றும் பழகியவர்கள் புதியவர்களிடம் முதலில் சொல்லும் எச்சரிக்கைகளில் ஒன்று, அமோனியா கலந்த பாலிஷ் போடாதே என்பது. அந்த லாயத்து வாடைதான் அதற்குள் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாமல் கூட்டைக் கெடுத்த இன்னொன்று பாதரசம். பழைய பிரைமர்களில் பாதரச உப்பு இருந்தது. கருமருந்துக் காலத்தில் எரிந்த கசடே அதைப் பெரும்பாலும் வாங்கிக்கொண்டது. புகையில்லா மருந்து வந்ததும் கசடு இல்லை. பாதரசம் நேராகப் பித்தளையைப் பிடித்தது. மோதிரத்தில் பாதரசம் பட்டால் என்ன ஆகும் என்று எந்த ஆசாரியும் சொல்வார். பார்க்கப் பளபளவென்று இருக்கும் கூடு, இரண்டாம் முறை சுட்டால் நொறுங்கும். எவ்வளவு தேய்த்துக் கழுவியும் பயனில்லை. அழுக்கு மேலே இல்லையே.

இதெல்லாம் படித்தபோது எனக்குள் ஒன்று உறுத்தியது. இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்ய முடியாது, எனக்கு ஆசையும் இல்லை. கொல்வதற்காகச் செய்த பொருள் இவ்வளவு அழகாக இருப்பதும் பிடிக்கவில்லை. உறுத்தியது வேறு.

ஆச்சியிடம் ஒரு பித்தளைச் சொம்பு இருந்தது. மாட்டுத்தொழுவத்துப் பரணில் வருடக்கணக்காகக் கிடந்தது. ஒரு ஐப்பசி மழையில் அதை எடுத்துவரச் சொன்னாள். கழுத்தைச் சுற்றி மயிரிழை மாதிரி விரிசல். நான்தான் கீழே போட்டேன் என்று விசிறிக்காம்பால் அடித்தாள். "போடல ஆச்சி" என்று எத்தனை முறை சொல்லியும் நம்பவில்லை. அது அவள் அம்மா வீட்டுச் சீர். நாள் போகப்போக நானே போட்டிருப்பேனோ என்றுகூட நினைக்க ஆரம்பித்தேன்.

தெருவில் ஈயம் பூச வருபவர் அந்தச் சொம்பைப் பார்த்துவிட்டு, "இது விழுந்த விரிசல் இல்லீங்கம்மா, நசுங்கலே இல்ல பாருங்க" என்றார். ஆச்சி காதில் வாங்கவில்லை. அவர் நவச்சாரம் போட்டுத் தேய்க்கும்போது மூக்கில் ஏறும் நெடியும் அமோனியாதான். ஆனால் அவர் பாத்திரத்தை வெள்ளீயம் உருகும் 232 டிகிரிக்குமேல் சூடாக்கித்தான் பூசுவார். மூவர் கண்டுபிடித்த சூடும் ஏறக்குறைய அதுதான். அவர் கைக்கு வந்த பாத்திரத்தின் முறுக்கத்தைத் தெரியாமலே கொஞ்சம் தளர்த்தித்தான் அனுப்பியிருப்பார். சொம்புக்கு யாரும் ஈயம் பூசுவதில்லை.

மாட்டு மூத்திரம்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. சொம்பு எப்போதோ பழைய பாத்திரக் கடைக்குப் போய்விட்டது. ஆச்சியும் இல்லை. இருந்திருந்தால் 1921 ஆராய்ச்சியைச் சொல்லியிருப்பேன். "போடா, போட்டதே நீதான்" என்றுதான் சொல்லியிருப்பாள்.