தடம் புரளுதல்

நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுதியைப் பற்றி எழுதுகையில், 'பாதிக்கு மேல் கவிஞர் தடம் புரண்டுவிடுகிறார்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். நண்பர் கோபித்துக்கொள்ளவில்லை. பாங்க் கவுண்டருக்கு வந்தவர் செலானை நீட்டியபடியே, "தண்டவாளத்தை யார் ஸார் போட்டது?" என்று மட்டும் கேட்டார். பின்னால் நாலு பேர் நின்றார்கள். அன்று பதில் சொல்ல முடியவில்லை. இரவு அகராதிகளைப் புரட்டினேன்.

நான் எழுதிய தொடருக்குப் பின்னால் இருப்பது 'டீரெயில்' என்ற ஆங்கில வினைச்சொல். அது பழைய சொல் அல்ல. 1850இல் டயனீஷியஸ் லார்ட்னர் 'ரெயில்வே எகானமி' என்ற நூலில் அதைக் கையாண்டார். அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கும் இந்த விபத்துக்கு ஆங்கிலத்தில் சொல் இல்லை, ஆகவே பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொள்கிறேன் என்று காரணமும் காட்டினார். ஆனால் பிரெஞ்சுக்கு 'ரெயில்' என்ற சொல்லே ஆங்கிலத்திலிருந்து போனதுதான். அதற்கும் முன் ஆங்கிலம் அதைப் பழைய பிரெஞ்சிலிருந்து வாங்கியிருந்தது. மூலம் லத்தீன் 'ரெகுலா', அதாவது நேரான கோல். விதி என்று பொருள்படும் 'ரூல்' என்ற சொல்லும், நம் வாத்தியார்களின் ரூல்தடியும் அந்தக் கோலிலிருந்து வந்தவைதான்.

லார்ட்னர் ஒரு காலத்தில் லண்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1840இல் ராணுவ அதிகாரி ஒருவரின் மனைவியோடு பாரிசுக்குப் போய்விட்டார். இங்கிலாந்தில் பெயர் கெட்டது. பின்னர் அவர் பாரிசிலேயே தங்கிவிட்டார். ஊர் யாரைத் தடம் புரண்டவர் என்று ஒதுக்கியதோ, அவரே அந்தச் சொல்லை ஊருக்கு அனுப்பி வைத்தார்.

நேர்ப்பொருளில் இச்சொல் யாரையும் குற்றம் சாட்டுவதில்லை. 1842 மே 8 அன்று வெர்சேல்ஸிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயில் மூதோன் அருகே கவிழ்ந்து எரிந்தது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் இறந்தனர். முறிந்தது முன் எஞ்சினின் அச்சு. 1865 ஜூன் 9 அன்று ஸ்டேபிள்ஹர்ஸ்டில் ஒரு பாலத்தின் மேல் பழுது பார்ப்பதற்காகத் தண்டவாளத்தையே எடுத்து வைத்திருந்தார்கள். மேஸ்திரி கால அட்டவணையில் வேறு நாளைப் பார்த்துவிட்டான். பத்துப் பேர் இறந்தனர். அந்த ரயிலில் இருந்த சார்லஸ் டிக்கன்ஸ், அடிபட்டவர்களுக்கு உதவிவிட்டு, தொங்கிக்கொண்டிருந்த பெட்டிக்குள் மறுபடி ஏறி நாவலின் கையெழுத்துப் பிரதியை எடுத்து வந்தார். இரண்டு இடத்திலும் ரயில் வழி தவறவில்லை. ஒன்றில் அச்சு இல்லாமல் போயிற்று, மற்றதில் வழியே இல்லை.

உருவகமானதும் பழி இடம் மாறுகிறது. பிரெஞ்சில் இவ்வினை பிதற்றுவதைக் குறிக்கும். ஆங்கிலத்தில் பேச்சுவார்த்தையையோ திட்டத்தையோ பிறர் குலைப்பதைக் குறிக்கும். தமிழில் நாம் இதை மனிதர்கள் மேல் ஏற்றிவிட்டோம். பையன் தடம் புரண்டான், கட்சி தடம் புரண்டது, கவிஞர் தடம் புரண்டார். தண்டவாளத்தைப் பற்றியோ மேஸ்திரியைப் பற்றியோ பேச்சே இல்லை.

இதில் நம் மொழிக்கு ஒரு அநியாயமும் நடந்திருக்கிறது. தடம் என்பது நடந்தபின் மண்ணில் விழுவது. யானை போனால் யானைத் தடம். தண்டவாளமோ போகுமுன் வேறு ஒருவர் போட்டு வைப்பது. முன்னதன் பெயரைப் பின்னதற்குக் கொடுத்துவிட்டு, நடப்பவனைப் பார்த்துப் புரண்டாய் என்கிறோம்.

நண்பரின் கவிதைகளில் நான் எதிர்பார்த்த தண்டவாளம் அவருடைய முந்தைய தொகுதி. அதைப் போட்டவன் அவரல்ல, வாசகனான நான். அந்த வரியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பின்பாதிக் கவிதைகள் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஏன் என்று கவிதை கவிதையாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்யாமல் தப்பிக்கத்தான் ஓர் உருவகத்தைப் பிடித்துக்கொண்டேன்.