பெரிய உடம்பும் சின்ன வாசலும்

சென்ற கோடை விடுமுறைக்கு என் பேரன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். 13 வயது. வகுப்பிலேயே அவன்தான் குள்ளம். அதைப் பற்றி அவன் பேசமாட்டான். ஆனால் கம்ப்யூட்டரில், எங்கெங்கோ இருக்கும் ஆயிரம் பேர் ஒரே உலகத்தில் வேஷம் கட்டி உலாவும் ஆட்டம் ஒன்றிலே, அவன் பூதம் போன்ற ஓர் உருவத்தை எடுத்துக்கொண்டிருந்தான். இரண்டு வருஷமாக அதை வளர்த்து வருகிறானாம்.

ஒரு நாள் பிற்பகல் அந்தப் பூதம் ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குத் தாவ முயன்று விழுந்துகொண்டே இருந்தது. நான் எண்ணிய வரையில் 19 தடவை. அவனுடைய சிநேகிதன் டெலிபோனில், “ஒரு குட்டி உருவமாப் பண்ணிக்கோடா, சுலபமாத் தாவலாம்” என்று யோசனை சொன்னான். பேரன் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“தாத்தா, பெரிசா இருக்கிறது தப்பா?”

பதில் சொல்லத் தெரியவில்லை. ஆகவே, தெரியாதவர்கள் செய்வதுபோல், அதன் பூர்வோத்தரத்தை விசாரிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் இந்த வழக்குக்கு நீண்ட சரித்திரம் உண்டு என்பது தெரியவந்தது.

முதலில் ஜப்பானுக்குப் போகவேண்டும். 1985-ஆம் ஆண்டில் நின்டென்டோ கம்பெனியார் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டார்கள். இது ஒருவரோ, இருவர் முறை வைத்தோ ஆடுவது. இன்டர்நெட் ஆட்டம் அல்ல. இருந்தாலும் உடம்பின் அளவு தாவுகிறவனை எப்படிப் பாதிக்கும் என்பதை உலகம் முழுவதும் படித்துக்கொண்டது இங்கேதான். ஆட்டத்தின் நாயகன் முதலில் ஒரு செங்கல் உயரம்தான் இருப்பான். காளான் ஒன்றைத் தொட்டால் இரண்டு செங்கல் உயரம் ஆகிவிடுவான். வளர்ந்தவன் தலைக்கு மேலிருக்கும் செங்கல்லை முட்டி உடைக்கலாம். ஓர் அடியையும் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு செங்கல் உயரமே உள்ள சந்தில் அவன் நிமிர்ந்து நடக்க முடியாது. சின்னவன் அதிலே சர்வசாதாரணமாக நுழைந்து போவான். பெரிய உடம்புக்கு ஒரு லாபம், ஒரு நஷ்டம். கணக்கு நேராகிவிட்டது.

பல பேர் சேர்ந்து ஆடும் உலகங்களில் கணக்கு இவ்வளவு நேராக இல்லை. 1999 மார்ச்சில் அமெரிக்காவில் ‘எவர்க்வெஸ்ட்’ வந்தது. அதில் ‘ஓகர்’ என்ற ராட்சச ஜாதி ஒன்று உண்டு. யுத்தத்தில் முன்னால் நிறுத்துவதற்கு அவர்களைப் போல் வேறு யாரும் இல்லை. ஆனால் சுரங்கத்து வாசலில் வந்து நின்றால் உள்ளே போக முடியாது! தலையும் தோளும் நிலைப்படியில் மாட்டிக்கொள்ளும். அந்த ஆட்டத்திலே அந்த நாளில் செத்துப்போவது விளையாட்டாக இருக்கவில்லை. உடைமைகள் பிணத்தோடு கிடந்தன. வெறுங்கையோடு திரும்பிப் போய் எடுத்துவர வேண்டியிருந்தது. பாதையிலே ஒருவன் மாட்டிக்கொண்டால் கூட வந்தவர்கள் கதி என்ன ஆவது? எனவே உருவத்தைச் சுருக்கும் மந்திரம் தெரிந்த பூசாரிகளுக்கு நல்ல கிராக்கி ஏற்பட்டது. வீரன் முதலில் குனிந்து நின்று குள்ளனாக்கப்படுவான். பிறகுதான் யுத்தத்துக்குப் போவான்.

2004 நவம்பரில் வெளியான ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’டிலும் இந்தக் கூத்து தொடர்ந்தது. மாட்டுத் தலையும் மலை போன்ற தோளும் கொண்ட ‘டாரென்’ ஜாதியார் வாகனத்தில் ஏறியபடியே பல வாசல்களில் நுழைய முடியாமல் தவித்தார்கள். டாரென் நடந்து கடக்கும் தண்ணீரில் ‘நோம்’ என்னும் குள்ளன் நீந்தத்தான் வேண்டும். அதாவது குள்ளனுக்கும் ஒரு சங்கடம் இருந்தது.

அடுத்து வந்தவர்கள் இந்த அநீதியைத் தீர்த்தே விடுவது என்று துணிந்தார்கள். 2012 ஆகஸ்டில் ‘கில்ட் வார்ஸ் 2’ வெளிவந்தது. தாவி ஏறும் புதிர்களுக்கென்றே உலகத்தில் பல இடங்களை ஒதுக்கிய ஆட்டம் இது. இதில் ஐந்து ஜாதிகள். முழங்கால் உயரத்து ‘அசுரா’வும் உண்டு, கொம்பு வைத்த புலி மாதிரியான ‘சார்’ இனமும் உண்டு. ஆனால் யாராக இருந்தாலும், பாறையில் மோதுவதும் நிற்பதும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உறைதான். அந்த உறை எல்லோருக்கும் ஒரே அளவு. வேகமும் ஒன்று, தாவும் தூரமும் ஒன்று. உருவம் என்பது மேலே போட்ட சட்டை மாதிரி. இல்லாவிட்டால் ஒவ்வொரு பாறையையும் ஐந்து உடம்புக்கும் தனித்தனியே அளந்து வைக்கவேண்டுமே!

நியாயம் கிடைத்துவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. உடம்பைச் சமமாக்கியவர்கள் கண்ணை மறந்துவிட்டார்கள். இத்தகைய ஆட்டங்களில் நம் பார்வை நம் உருவத்தின் முதுகுக்குப் பின்னாலிருந்து வருகிறது. உருவம் பெரிதானால், கால் வைக்கவேண்டிய இடத்தை அதன் முதுகே மறைத்துவிடும். குகைக்குள் போனால் பார்வை கூரையில் முட்டி முதுகோடு வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த வருஷம் அக்டோபரில், பேய்த் திருநாளை ஒட்டி, பைத்தியக்கார ராஜாவின் மணிக்கூண்டு என்று ஒரு புதிர் வைத்தார்கள். கீழிருந்து பச்சைப் புகை எழும்பித் துரத்தும். பலர் ஒரே சமயத்தில் ஓடித் தாவவேண்டும். பெரிய உருவங்கள் கூட்டத்தில் கலந்ததால் பக்கத்தில் ஓடிய சின்ன உருவங்களுக்குத் தங்கள் காலடியே தெரியாமல் போயிற்று. பெரியவன் தானும் விழுந்தான், மற்றவர்களையும் விழச் செய்தான்.

2015 மார்ச்சில்தான் பரிகாரம் வந்தது. பார்வையின் உயரத்தையும் அகலத்தையும் ஆடுகிறவனே மாற்றிக்கொள்ளலாம். வேண்டுமானால் உருவத்தின் கண்ணாலேயே பார்க்கலாம். முன்பு போல வீரனைக் குள்ளனாக்கவில்லை; அவன் பார்க்கும் இடத்தை மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கு 1999-லிருந்து 16 வருஷம் ஆயிற்று.

இந்தக் கதையை அன்று இரவு பேரனிடம் சொன்னேன். குட்டியாக மாறுவதில் தப்பில்லை என்றும் சொல்லிப் பார்த்தேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான்.

“ஜெயிக்கலாம் தாத்தா. ஆனா, அங்கேயும் குட்டியாத்தான் இருக்கணுமா?”

எனக்குச் சுருக்கென்றது. வகுப்பில் முன்வரிசையில் நிறுத்தப்படும் பையன் கேட்கிறான். ஒரு நாவலாசிரியனுக்கு இது புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்? என் கதாநாயகர்களில் ஒருவனாவது என்னைப் போல் பூஞ்சையாக இருந்ததில்லை.

அவனுடைய ஆட்டத்திலும் பார்வையை உயர்த்த ஒரு வசதி இருந்தது. இருவரும் தேடிக் கண்டுபிடித்தோம். பூதத்தின் தலைக்கு மேலிருந்து பார்த்தபோது, பாறையின் விளிம்பு நன்றாகத் தெரிந்தது. பாறை அவன் நினைத்ததைவிடக் கிட்டத்தில்தான் இருந்தது. மூன்றாவது முயற்சியில் பூதம் அக்கரை சேர்ந்தது. அதற்கப்பால் இன்னும் ஆறு பாறைகள் இருந்தன. இரவு 11 மணிக்கு அவன் பாட்டி வந்து விளக்கை அணைக்கும் வரை நான்கைத் தாண்டியிருந்தோம்.